மனைவி என்பதற்கு என்ன சான்று?

எங்கள் வாழப்பாடிப் பக்கம் கல்யாணம் முடிந்த கையோடு பதிவுச் சான்றிதழுக்கு ஓடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை என்று பொருள். என்னிடம் தமிழ் படித்த பெண்கள் சிலர் கணவரைச் சார்ந்த விசாவுக்காகச் சென்னைக்குப் போகும்போது கல்யாணப் படங்களையும் எடுத்துப் போகிறார்கள். பட்டச் சான்றிதழைவிட மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். சில நாட்டவரிடம் மட்டும் இத்தனை தாள் கேட்பதும், அதிலும் பெண்ணிடம் 'நீ யாருடைய மனைவி' என்று கேட்பதும் இன்று தொடங்கியதில்லை.

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். கணவரோடு வாழ இந்தியாவிலிருந்து வந்த பாய் மரியம் என்ற பெண்ணை உள்ளே விட அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த திருமணத்தை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. ஒரே நாளில் தாங்கள் எல்லோரும் சட்டப்படி மனைவியர் இல்லை என்று ஆகிவிட்டதாகவே அங்கிருந்த இந்தியப் பெண்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

அதுவரை சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்கள் ஆண்கள். இப்போது டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, அனுமதிச் சீட்டு இல்லாமல் நேட்டால் எல்லையைக் கடந்தார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய், 3 பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் பரவியது, பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். பின்னர் அதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, நோயோடு விடுதலையாகி 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் திருமணங்களை ஏற்றது, தலைவரியும் ஒழிந்தது. வள்ளியம்மையைத் தியாகி என்று பாடநூலில் படிக்கிறோம். குடியேற்றச் சட்டத்தை எதிர்த்த பெண்களில் ஒருவர் என்று படிப்பதில்லை.

அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து இதே கேள்வி லண்டனில் ஒரு பெண்ணின் உடலிடம் கேட்கப்பட்டது. 1979 ஜனவரி 24 அன்று, 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் திருமணம் செய்துகொள்ள ஹீத்ரூ விமான நிலையத்தில் வந்திறங்கினார். மனைவியாக வருபவருக்கு முன் அனுமதி வேண்டும். மணமகளாக வருபவருக்கு வேண்டாம் என்பது அன்றைய விதி. ஏற்கெனவே மணமானவராக இருப்பாரோ என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். ஆண் மருத்துவர் ஒருவர் அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார். 'கார்டியன்' நாளிதழ் இதை வெளியிட்டதும் ஆவாஸ் என்ற ஆசியப் பெண்கள் அமைப்பு போராடியது. பரிசோதனை தடை செய்யப்பட்டது. எங்கோ ஒரு முறை நடந்த தவறு என்பதுபோல் அன்று பேசப்பட்டது. 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மார்மோவும் ஸ்மித்தும் பிரிட்டிஷ் ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியது வேறு: குறைந்தது 80 பெண்கள், பெரும்பாலும் இந்திய மண்ணிலேயே, விசா கேட்ட இடத்திலேயே சோதிக்கப்பட்டிருந்தார்கள்.

1985 மே மாதம் இரண்டு செய்திகள் வந்தன. பிரிட்டனில் வாழும் பெண்கள் தங்கள் கணவரை அழைத்துவர முடியாதபடி இருந்த விதி பாலினப் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. வழக்காடியவர்கள் அப்துலாசிஸ், கபாலெஸ், பால்கந்தலி என்ற மூன்று குடியேறிய பெண்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்கு விதியைத் தளர்த்தவில்லை, ஆண்களுக்கும் இறுக்கியது. சமத்துவம் வந்துவிட்டதாம்!

அதே மாதம் இலங்கையர் எல்லோருக்கும் பிரிட்டன் விசாவைக் கட்டாயமாக்கியது. போரிலிருந்து தப்பி வந்த தமிழரைத் தடுக்கவே இது; காமன்வெல்த் நாடு ஒன்றின் மீது அப்படி விதித்தது அதுவே முதல்முறை. அகதியாக வருகிறேன் என்று சொல்லி வாங்க விசா எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டு இந்தியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 1987இல் உரிய தாள் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனத்துக்கு 1000 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது. நாட்டைச் சொல்லி மறுப்பது அதோடு விமான நிலைய கவுண்டர்வரை வந்துவிட்டது.

இன்று யாரும் உடலைச் சோதிப்பதில்லை. ஆனால் சார்பு விசா பெண்ணைக் கணவரின் தாளோடு சேர்த்துத் தைத்து வைக்கிறது. அமெரிக்காவின் எச்-4 விசாவில் போகும் மனைவியருக்கு வேலை செய்யும் அனுமதி 2015இல்தான் வந்தது. அதுவும் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும். அடி விழுந்தாலும் வெளியே வரத் தயங்குவதற்கு விசாவும் ஒரு காரணமாகிவிடுகிறது.

அதனால் போகிற பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: பாஸ்போர்ட்டையும் பட்டச் சான்றிதழையும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். விசாவில் எந்த வேலைக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதைக் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நீங்களே படியுங்கள்.