ஜோர்டான் காலும் ஆம்பூர் தோலும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறீர்கள். ஆம்பூர் வந்ததும் என்ன ஞாபகம் வரும்? பிரியாணி. சந்தேகமே இல்லை. ஆனால் ஷூ கம்பெனி விடுகிற சாயங்கால நேரமாகப் பார்த்துப் போனீர்கள் என்றால் வேறொரு ஆம்பூர் தெரியும். வரிசையாகக் கம்பெனி பஸ்கள். உள்ளே முக்கால்வாசி பெண்கள். பகல் முழுக்கத் தோல் ஷூவுக்கு அப்பர் தைத்துவிட்டுக் கிராமத்துக்குத் திரும்புகிறவர்கள். அவர்களில் எத்தனை பேர் மைக்கேல் ஜோர்டான் ஆடிப் பார்த்திருப்பார்கள்? ஆனால் அவர்கள் பிழைப்பில் அந்த மனிதர் கை வைத்திருக்கிறார். கால் வைத்திருக்கிறார் என்று சொல்வதுதான் சரி.

அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கூடைப்பந்தில் ஒருவன் பெரிய ஆட்டக்காரனா என்பதற்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. அவனுக்காகச் சட்டத்தை மாற்றினார்களா? முதலில் ஜார்ஜ் மைக்கன். மூக்குக் கண்ணாடி போட்ட ஆள், ஆறடி பத்தங்குலம். கூடைக்குக் கீழே போய் நின்றுவிட்டால் நகர்த்த முடியாது. 1950 நவம்பர் 22-ஆம் தேதி ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி ஒரு தந்திரம் செய்தது. மைக்கன் கையில் பந்து போனால்தானே வம்பு? பந்தை நாமே வைத்துக்கொண்டு சும்மா நிற்போம். நின்றார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டுப் பார்த்தார்கள். ஸ்கோர் 19-18. மைக்கனின் அணி எடுத்த 18-இல் 15 அவருடையது.

இப்படி ஆடினால் எவன் டிக்கெட் வாங்குவான்? 1951-இல் கூடைக்கு முன்னால் இருக்கும் கட்டத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலப்படுத்தி மைக்கனைத் தள்ளி நிற்கவைத்தார்கள். 1954-இல் 24 செகண்டுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்று கடிகாரம் வைத்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற வேகமான ஆட்டம் அந்தக் கடிகாரத்தில் பிறந்ததுதான். பிறகு வில்ட் சேம்பர்லேன். 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் எடுத்தவர். 1964-இல் கட்டம் பதினாறடியானது. பிராட்மேனுக்காக யாராவது பிட்ச்சின் நீளத்தைக் கூட்டினார்களா? இங்கே கூட்டினார்கள்.

ஆனால் இதெல்லாம் மைதானத்துக்குள் நடந்த சமாசாரம். வெளியே ஆம்பூர் வரைக்கும் வந்தது ஷூ.

ஆரம்பத்தில் கூடைப்பந்து ஷூ என்றால் கேன்வாஸ் துணிதான். கன்வர்ஸ் கம்பெனியின் ஆல் ஸ்டார். சக் டெய்லர் என்கிற ஆட்டக்காரர் அந்தக் கம்பெனியில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஷூ விற்றார். 1930-களில் அவர் பெயரையே ஷூவில் போட்டுவிட்டார்கள். 1960-களின் கடைசியில் ஜெர்மனியின் அடிடாஸ் தோலில் செய்த ஷூவோடு உள்ளே வந்தது. சீக்கிரமே அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் தோலுக்கு மாறினார்கள்.

இதே சமயம் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கமெல்லாம் பாலாற்றுத் தண்ணீரை நம்பித் தோல் பதனிட்டு வந்தார்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பாதி பதனிட்ட தோல் மதராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறும். மீதி வேலையும் லாபமும் அங்கே. 1970-களின் ஆரம்பத்தில் சீதாராமய்யா கமிட்டி சிபாரிசு செய்ய, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டது. பொருளாகச் செய்து விற்றால் காசும் வேலையும் இங்கேயே நிற்கும் என்ற கணக்கு. கணக்கு பலித்தது. பதனிட்டவர்கள் ஷூ கம்பெனி வைத்தார்கள். ஐரோப்பாக்காரன் ஆபீஸுக்குப் போட்டுப்போகிற தோல் ஷூவில் ஆம்பூர் கெட்டிக்காரனானது. வீட்டைவிட்டு வேலைக்கே போயிராத பெண்கள் மிஷினில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கினார்கள்.

ஆம்பூர் இப்படி மேலே வந்துகொண்டிருந்தபோதுதான், 1984-இல், நைக்கி கம்பெனி 21 வயது ஜோர்டானிடம் கையெழுத்து வாங்கியது. ஐந்து வருஷம், வருஷத்துக்கு சுமார் ஐந்து லட்சம் டாலர். அது பெரிதில்லை. அவர் பெயர் போட்ட ஷூ எத்தனை விற்றாலும் அதில் ஒரு பங்கு. பி.காம். படித்த காலத்தில் ராயல்டி கணக்கு என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். இந்த மாதிரி உதாரணம் சொல்லியிருந்தால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

கறுப்பும் சிவப்புமாக அவர் போட்ட ஷூவைப் போடக்கூடாது என்று என்.பி.ஏ. 1985 பிப்ரவரியில் கடிதம் எழுதியது. நைக்கிக்கு அல்வா. ‘தடை செய்யப்பட்ட ஷூ’ என்று விளம்பரமே எடுத்துவிட்டார்கள். முதல் வருஷ விற்பனை 12 கோடி டாலருக்கு மேல். 2024 நிதியாண்டில் ஜோர்டான் பிராண்டின் வருமானம் சுமார் 700 கோடி டாலர். அவர் ஆடி வாங்கிய மொத்தச் சம்பளமே பத்துக் கோடி டாலரைத் தொடவில்லை!

அந்த முதல் ஜோர்டான் ஷூ தோல் ஷூதான். ஆனால் நைக்கி மாதிரி கம்பெனிகள் ஆர்டர் கொடுத்தது தென்கொரியா, தைவான் பக்கம். ஆம்பூர் தன் ஆபீஸ் ஷூவோடு நிம்மதியாக இருந்தது. ஜோர்டான் ஷூவைப் போட்டுக்கொண்டு தெருவில் திரிந்த பையன்கள் வளர்ந்து ஆபீஸுக்கும் அதையே போட்டுப் போவார்கள் என்று யார் கண்டது?

போனார்கள். போதாக்குறைக்கு, ஆட்டக்காரர்களுக்கு எடை குறைய வேண்டும் என்று தோலும் போய் சிந்தெடிக் வந்தது. 2012-இல் நைக்கி ஷூவின் மேல்பாகத்தையே ஸ்வெட்டர் மாதிரி மிஷினில் பின்னத் தொடங்கியது. 2014-இல் கோபி பிரையன்ட் பெயர் போட்ட ஷூவே அப்படி வந்தது. தோல் வேண்டாம். கட்டிங்கும் பாதி தையலும்கூட வேண்டாம்.

ஆட்டக்காரர்களுக்குத் தோல்மீது விரோதமா? அப்படியும் சொல்ல முடியாது. 2006-இல் என்.பி.ஏ. தோல் பந்தை மாற்றி சிந்தெடிக் பந்து கொண்டுவந்தது. விரல் அறுக்கிறது, ஈரத்தில் வழுக்குகிறது என்று பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் கொதித்தார்கள். அவர்கள் சங்கம் புகார் கொடுத்தது. 2007 ஜனவரி 1-ஆம் தேதி தோல் பந்து திரும்பி வந்தது. அந்தத் தோலும் சிகாகோவில் பதனிட்டது, ஆம்பூருக்குப் பத்துப் பைசா பிரயோஜனமில்லை. ஆக, காலில் தோலைக் கைவிட்டவர்கள் கையில் மட்டும் விடவில்லை!

இங்கே பதனிடும் செலவோ ஏறிக்கொண்டே போனது. பாலாறு கெட்டது, 1996-இல் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவனே செலவைக் கொடு என்று தீர்ப்பு சொன்னது. நியாயமான தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கிணறு கெட்டவனைக் கேட்டுப் பாருங்கள். 2020-இல் கொரோனா வந்து உலகமே வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ஆபீஸ் ஷூவுக்கு என்ன வேலை?

ஸ்போர்ட்ஸ் ஷூ இந்தப் பக்கம் வராமல் இல்லை. தைவானின் ஃபெங் டே கம்பெனி செய்யாற்றில் நைக்கி ஷூ செய்கிறது. 2024 டிசம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் ஹாங் ஃபூ என்கிற இன்னொரு தைவான் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 வேலை என்பது அறிவிப்பு. அந்தக் கம்பெனி செய்து கொடுக்கிற பிராண்டுகளில் நைக்கியும் உண்டு, சக் டெய்லரின் கன்வர்ஸும் உண்டு.

அத்தனையும் தோல் அல்லாத ஷூ. சந்தோஷப்பட வேண்டிய சங்கதிதான். பாலாற்றுக்கும் நல்லது. ஆனால் ஆம்பூரிலிருந்து பனப்பாக்கம் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற தூரமில்லை. தோல் கட்டிங் செய்கிறவரின் வேலையையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தோலும் ஒரு தினுசு. எங்கே தழும்பு, எங்கே உண்ணி கடித்த தடம், எந்த இடம் ஷூவின் முன்பக்கத்துக்குத் தாங்கும், எது உள்ளே மறையவேண்டும் என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து வெட்டவேண்டும். கைபழக வருஷக்கணக்காகும். சிந்தெடிக் ரோலாக வருகிறது, முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் ஒன்றுதான். அதை வெட்ட யாரும் அவரைத் தேடிப் போகப்போவதில்லை.