சுங்கைப்பட்டாணி

சுங்கைப்பட்டாணி, மலேசியாவின் கெடா மாநிலத்தில் குவாலா மூடா மாவட்டத்தின் தலைநகராகவும், பட்டர்வொர்த்துக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் பினாங்கின் புறநகர் போலவும் வளர்ந்துள்ள ஊர் ஆகும். மலாயில் 'சுங்கை' ஆற்றையும் 'பெத்தானி' உழவரையும் குறிப்பதால் பெயரின் நேர்ப்பொருள் உழவர் ஆறு என்பதே; அச்சொல் தோட்டத் தமிழரின் நாவில் 'பட்டாணி' எனத் திரிந்து, எழுத்திலும் அவ்வாறே நிலைத்துவிட்டது.

ஊருக்கு அண்மையிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில் அடித்தளங்களும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் படையெடுத்த கடாரம் இவ்வட்டாரமே எனப் பெரும்பாலோர் கொள்வர். எனினும் இன்றைய நகரம் அந்தக் கடாரத் துறைமுகத்தின் தொடர்ச்சியன்று. அது தோட்டங்களின் பிள்ளை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குச் சீனரின் முதலீட்டில் இங்குக் காடழித்து மரவள்ளி பயிரிடப்பட்டது. சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரிட்டிஷாரின் பொறுப்புக்கு மாறியதும், ரப்பர் விலையேற்றமும், தெற்கிலிருந்து நீண்டு 1918இல் சயாம் எல்லையைத் தொட்ட இருப்புப்பாதையும் ஒன்றுசேர, ஊர் தோட்டங்களின் சந்தையாகவும் சரக்கேற்றும் நிலையமாகவும் உருப்பெற்றது.

தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி, அதாவது தம் ஊர், உறவு வட்டத்திலிருந்தே ஆள் சேர்த்து அவர்களை மேற்பார்த்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த பின், தமக்குரிய மரவரிசையான நிரைக்குச் சென்று, உளியால் பட்டையைச் சரிவாகச் சீவி, வழியும் பாலை மங்கு எனும் கிண்ணத்தில் ஏந்தி, வெயில் ஏறுவதற்குள் வாளிகளில் சேர்த்து, பால் சேகரிக்கும் ஸ்டோருக்குச் சுமந்து செல்வதே பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுவோரின் அன்றாடமாக இருந்தது. ஒருநாள் மழை பெய்து வெட்டு நின்றாலும் அன்றைய கூலி பாதிக்கப்படும் என்பதால், வானத்தைப் பார்த்தே அவர்களின் அடுப்பு எரிந்தது எனலாம்.

நகரின் அடையாளமான மணிக்கூண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாகப் பினாங்குச் செல்வர் லிம் லியன் தெங் வழங்கிய நிதியில் 1936இல் எழுந்தது. ஐந்தாண்டுக்குப் பின், 1941 டிசம்பர் 8 அன்று, இங்கிருந்த விமானத்தளத்தின் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். தொடர்ந்த ஆட்சிக்காலத்தில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு அமைத்த 'மரண ரயில்பாதை'ப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவ்வூர் எழுத்தாளர் கோ. புண்ணியவானின் 'கையறு' நாவல் அத்துயரத்தையே பேசுகிறது.

போருக்குப் பின் இவ்வட்டாரத்தின் பீடோங் ஊருக்கு அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கூலி கள்ளுக்கடைக்கே போவதைத் தடுக்கத் தொழிலாளரே அமைத்த இப்படை 1947இல் கடை மறியலில் இறங்கியது. போலீசாருடன் நேர்ந்த மோதல்களில் உயிர்களும் போயின. வட்டார வரலாற்றில் மணிக்கூண்டுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு பங்குகூட இவ்வெழுச்சிக்குக் கிடைக்காதது பெருங்குறை.

விடுதலையை ஒட்டி ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அதாவது சிறு பகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டு, பல குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. இதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் 10 வெள்ளி (மலாயா டாலர்) வீதம் 100 வெள்ளிப் பங்குகளைத் தொழிலாளரிடம் திரட்டி முதலில் வாங்கியது, தென் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையே.

1985இல் பினாங்குப் பாலமும் 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் முழுமை பெற்றபின், பினாங்குத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் வீட்டு விலை குறைந்த இவ்வூரில் குடியேறினர். பால்மரங்கள் செம்பனைக்கும், தோட்ட நிலங்கள் பல வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டன. 2020 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 5 லட்சத்தைக் கடந்திருந்தது. இவ்வளர்ச்சிக்கு விலையும் உண்டு: பூஜாங் பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் கோயில் எச்சம் நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது 2013இல் வெளிவந்து நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மறைந்த பின்னும் தோட்டங்களின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் சுமக்கின்றன. ஹார்வர்ட் தோட்டத்தின் முதலாம், இரண்டாம், மூன்றாம் பிரிவுகளின் பெயரிலேயே தனித்தனிப் பள்ளிகள் உள்ளன.