மடக்குக்கத்தி கற்றுக்கொடுத்த பாடம்



ஒவ்வொரு வகுப்பிலும் ஏட்டில் எழுதத் தடுமாறி, கைவேலையில் மட்டும் முந்திநிற்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். உடைந்த பொம்மையைப் பிரித்துப் பழுதுபார்ப்பார். களிமண் கிடைத்தால் யானை செய்வார். புள்ளிப் பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருக்கும். அத்தகைய மாணவரைக் காணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாழ்ந்த மரச்செதுக்குக் கலைஞர் ஏர்னெஸ்ட் வார்தர். அவரது வரலாற்றை இங்குச் சுருக்கமாகத் தருகிறேன்.

மாடு மேய்த்த சிறுவன்

வார்தர் 1885ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் டோவர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். அவருக்கு மூன்று வயதாக இருக்கும்போதே தந்தை காலமானார். பிள்ளைகளை வளர்க்க, தாயார் பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்துக் கொடுத்தார். ஏர்னெஸ்டும் ஊராரின் பசுக்களை மேய்க்கச் சென்றார். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு ஒரு சென்ட் கூலி. பள்ளிப்படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது.

மாடு மேய்க்கும் வழியில் ஒருநாள் மண்சாலையில் துருப்பிடித்த மடக்குக்கத்தி ஒன்றைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது ஐந்து. மாடுகள் மேயும் நேரத்தில் கையில் கிடைத்த குச்சிகளைச் சீவத் தொடங்கினார். பின்னர், ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த நாடோடி ஒருவர் ஒரே மரத்துண்டிலிருந்து திறந்து மூடும் குறடு ஒன்றைச் செதுக்கிக் காட்டினார். இரண்டு பாகங்களை இணைக்க ஆணியோ பசையோ இல்லை. பத்தே வெட்டுகள்தாம். அவருக்கு வாய்த்த ஒரே செதுக்குப் பாடம் அதுவே. எஞ்சியவற்றை அவர் தாமாகவே கற்றுக்கொண்டார்.

ஒரு மரத்துண்டில் 511 குறடுகள்

இளம் வயதிலேயே இரும்புத் தகடு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த வார்தர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு உழைத்தார். செதுக்குவது வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில்தான். 1913ஆம் ஆண்டில் அவர் செய்து முடித்த 'குறடு மரம்' இன்றும் காண்போரை வியக்க வைக்கிறது. ஒரே வால்நட் மரத்துண்டில் ஒரு குறட்டைச் செதுக்கினார். அதன் இரு கைப்பிடிகளையும் இரு குறடுகளாக்கினார். அவற்றின் நான்கு கைப்பிடிகளும் நான்கு குறடுகளாயின. இவ்வாறே 8, 16, 32, 64, 128, 256 என்று விரிந்து, மொத்தம் 511 குறடுகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. இதற்கு ஏறத்தாழ 31,000 வெட்டுகள் தேவைப்பட்டதாகக் கணக்கிட்டுள்ளனர். ஒரு வெட்டு தவறினாலும் அத்தனை நாள் உழைப்பும் வீண்.

கணித ஆசிரியர்கள் இவ்வெண்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே செல்லும் ஒன்பது எண்களின் கூட்டுத்தொகை 511. நாம் பெருக்குத் தொடர் என்று இடைநிலைப்பள்ளியில் கற்பிப்பதை, இரண்டாம் வகுப்பு மட்டுமே படித்த ஒருவர் கத்திமுனையில் கண்டு, மரத்தில் எழுதிவைத்தார்.

வரலாற்றைச் செதுக்கியவர்

அதன் பிறகு அவர் நீராவி எஞ்சினின் வரலாற்றையே செதுக்க முற்பட்டார். பண்டைய அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோன் வடிவமைத்த நீராவிப் பொறி முதல் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இரயில் எஞ்சின்கள் வரை அறுபதுக்கும் மேற்பட்ட படைப்புகள் உருவாயின. வால்நட், கருங்காலி, தந்தம் ஆகியவையே மூலப்பொருள்கள். சில எஞ்சின்களில் 7,000க்கும் மேற்பட்ட பாகங்கள் உள்ளன. சக்கரங்கள் சுழல்கின்றன, தண்டுகள் முன்னும் பின்னும் அசைகின்றன. உராயும் இடங்களில் எண்ணெய் ஊறிய மரத்தைப் பொருத்தியதால் பல ஆண்டுகள் ஓடியும் அவை தேயவில்லை.

இவற்றை அளவு பிசகாமல் செய்ய வரைபடம் படிக்க வேண்டும். விகிதம் தெரிய வேண்டும். வரலாறும் அறிய வேண்டும். கைவேலைக்குத் தேவைப்பட்ட அறிவையெல்லாம் அவர் தேடித்தேடிக் கற்றார். தம் உடன் உழைத்த ஆலைத் தொழிலாளர்களையும் அவர் மறக்கவில்லை. ஆலையைச் சிறு வடிவில் அமைத்து, அவர்களை அசையும் உருவங்களாக அதனுள் நிறுத்தினார்.

அவர் பெரிதும் மதித்த தலைவர் ஆபிரகாம் லிங்கன். லிங்கனும் மிகக் குறைந்த பள்ளிப்படிப்பே பெற்றுத் தாமாகப் படித்து உயர்ந்தவர். 1865இல் லிங்கனின் உடலைச் சுமந்து சென்ற இரயிலை, நூறாண்டுகள் கழித்து 1965இல், எண்பது வயதை எட்டும் நிலையில் வார்தர் செதுக்கினார்.

இங்கு ஒன்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அக்காலத்தில் யானைத் தந்தத்தைத் தடையின்றி வாங்க முடிந்தது. 1989இல் அனைத்துலகத் தந்த வணிகத்தைத் தடைசெய்ய நாடுகள் முடிவெடுத்தன. அவரது திறனைப் போற்றுவோம், அப்பொருளை நாடாதிருப்போம்.

விற்க மறுத்த கலைஞர்

1920களில் நியூயார்க் சென்ட்ரல் இரயில் நிறுவனம் அவரது படைப்புகளை நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் இரண்டரை ஆண்டுகள் காட்சிக்கு வைத்தது. மோட்டார் வாகனத் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு அவற்றைப் பெருந்தொகைக்கு விலைக்குக் கேட்டார். வார்தர் மறுத்துவிட்டு ஊர் திரும்பினார். தாமே செய்த சமையலறைக் கத்திகளை விற்றுக் குடும்பத்தைக் காத்தார். தம்மைக் காணவந்த குழந்தைகளுக்குச் சில விநாடிகளில் ஒரு மரக்குறடு செதுக்கித் தருவது அவர் வழக்கம். 1973ஆம் ஆண்டு மறைந்தார். அவர் படைப்புகள் டோவரில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரே தொகுப்பாக இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

நாம் கற்கவேண்டியது

பள்ளிக்கல்வி இல்லாமலேயே உயரலாம் என்பதற்குச் சான்றாக இவரைக் காட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரைப் பள்ளியிலிருந்து பிரித்தது வறுமை. ஒரு கத்தியும் ஒரு நாடோடியும் வாய்க்காதிருந்தால் அவ்வறிவு மாட்டுக்கொட்டகையிலேயே மறைந்திருக்கும். வழி கிட்டாமல் மறைந்துபோன வார்தர்கள் எத்தனை பேரோ! தோட்டப்புறங்களில் சிறு வயதிலேயே வேலைக்குச் சென்ற நம் முன்னோரிலும் அத்தகையோர் இருந்திருப்பர்.

இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனர். ஆனால், கைத்திறன் மிக்க பிள்ளை வகுப்பறையில் அமர்ந்திருக்கும்போதே நாம் அவரை இழந்துவிடக்கூடும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையை வேறு பாடத்தின் பயிற்சிக்குக் கொடுத்துவிடும்போது அவ்விழப்பு நேர்கிறது. "இதெல்லாம் சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்கும்போதும் நேர்கிறது.

நான் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கத்தி கொடுப்பதில்லை. சவர்க்காரக் கட்டியும் ஐஸ்கிரீம் குச்சியும் கொடுத்துச் செதுக்கச் சொல்வேன். செதுக்கும் முன் அளந்து வரையவேண்டும். முடித்தபின் செய்த முறையை ஐந்து வாக்கியங்களில் எழுதவேண்டும். மற்ற நாள்களில் ஒரு வாக்கியத்திற்கே தயங்கும் மாணவர், தாம் செதுக்கிய மீனைப் பற்றி எழுத இன்னொரு தாள் கேட்டு வருவார். கை அறிந்ததைச் சொல்ல மொழி தானாகவே வருகிறது. ஆசிரியர்கள் தத்தம் வகுப்பிலும், பெற்றோர்கள் வீட்டிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.