கைபர் வக்ஃபும் கரிசல் மகமையும்

கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைவிடச் சிறந்த சொத்து தம்மிடம் இருந்ததில்லை என்று கருதிய அவர்கள், அதனை என்ன செய்யலாம் என நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலை அறமாக்கும்படி அண்ணலார் வழிகாட்டினார்கள். அந்நிலத்தை விற்பதோ, அன்பளிப்பாகத் தருவதோ, வாரிசுகள் பங்கிடுவதோ கூடாது. ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோருக்கே அதன் பயன். பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம். பொருள் சேர்க்கக் கூடாது. தமக்குப் பின் ஹஃப்ஸா (ரலி) அவர்களும், அவருக்குப் பின் குடும்பத்தில் அறிவுத்தெளிவு உடையோரும் பொறுப்பேற்க வேண்டும் என்றும் உமர் (ரலி) அவர்கள் எழுதி வைத்தார்கள்.

நிர்வாகி எவ்வளவு எடுக்கலாம், அவருக்குப் பின் யார் என்ற இரண்டையும் சொத்து தந்தவரே முன்கூட்டி எழுதிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். பொதுச் சொத்துகளில் எழும் வழக்குகள் பெரும்பாலும் இவ்விரண்டும் எழுதப்படாத இடத்தில்தான் முளைக்கின்றன.

மழையை நம்பிய நமது கரிசல் சீமையும் பொதுப்பணத்திற்குத் தனக்கென ஒரு வழி கண்டது. 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள், வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்கப் பேட்டைகள் அமைத்தனர். அங்கு வந்துபோகும் சரக்கின் மீது சிறுதொகை வைத்து வசூலித்தனர். அதுவே மகமை. வசூலும் செலவும் உறவின்முறையின் பொறுப்பு. கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கி வைக்கும் கடுமையும் அதில் இருந்தது. அதை நாம் புகழ வேண்டியதில்லை. ஆயினும் அப்பணம் பள்ளிக்கூடங்களாக எழுந்தது. வீடுதோறும் தாய்மார் எடுத்து வைத்த பிடியரிசியும் விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்குத் துணை நின்றது. காமராசர் பயின்ற பள்ளி அது. 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் பருத்திச் சந்தையாக வளர்ந்த கோவில்பட்டியிலும் உறவின்முறைச் சங்கம் கல்விப்பணியில் இறங்கியது.

செல்வந்தர் ஒருவரின் கொடையாக இருந்திருந்தால், அவர் பிள்ளைகளின் மனம் மாறும்போது பள்ளியின் கதியும் மாறியிருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று பலர் கொடுத்ததால், பலருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது.

அந்த உரிமையைச் சட்டம் பிற்பாடுதான் எழுதியது. முத்தவல்லிகள் தணிக்கை செய்த கணக்கை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் விதித்தது. ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்யலாம் என்பதும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும் என்பதும், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்பதும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் உள்ளவை. எனினும் பல ஊர்களில் ஏழு பெயர்கள் பதிவுக்காக மட்டுமே இருக்கின்றன. முத்திரையும் காசோலைப் புத்தகமும் ஒருவர் வீட்டு அலமாரியில் உறங்குகின்றன.

தணிக்கையாளர் பார்த்துவிட்டார், அது போதாதா என்பார்கள். அவர் ரசீதுகளைத்தான் பார்ப்பார். பள்ளிவாசல் கடைகளின் வாடகை ஏன் இத்தனை ஆண்டுகளாக உயரவில்லை, அந்தக் கடைகள் யாருடைய உறவினருக்குப் போயின என்பதைப் பொதுக்குழுவில் எழுந்து கேட்க வேண்டியவர் சந்தா கட்டும் ஜமாஅத்தார்.