துவக்கின் தேய்மானம்: வெல்லஸ்ஸவிலிருந்து ஒரு குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன்னர் மொனராகலையிலிருந்து பிபிலை செல்லும் பாதையோரக் கிராமம் ஒன்றில், சேனைப் பயிர்ச்செய்கையாளரான சிங்கள முதியவர் ஒருவரின் வீட்டில் தங்க நேர்ந்தது. சுவரிலே பழைய வாய்வழி மருந்திடும் துவக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பயிரைக் காட்டுப் பன்றியிடமிருந்து காக்க உரிமப் பத்திரத்துடன் மூன்று தலைமுறையாக வைத்திருப்பது என்றார். ஆனால் அது நேற்றுச் செய்தது போல மின்னியது. விருந்தினர் வருகிறார் என்று மகன் உப்புத்தாள் கொண்டு குழலைத் தேய்த்து, மரப்பிடியைச் சீவி, வார்னிஷ் பூசியிருக்கிறார். பாராட்டுவேன் என்று மகன் எதிர்பார்த்து நின்றார். தந்தை மட்டும் பிடியைத் தடவியபடி மெல்லச் சொன்னார்: "சீயாவின் கன்னம் பட்டுத் தேய்ந்த இடம் போய்விட்டது."

அந்த ஒரு வாக்கியத்தைப் பழம்பொருள் வணிகர்கள் வேறொரு மொழியில் அன்றாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பழைய துவக்குகளைச் சேகரிப்போரிடம் ஓர் எழுதாத விதி உண்டு: தெரியாமல் துடைக்காதே. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் புதிது, மிகச் சிறப்பு, நன்று, சுமார், மோசம் எனப் படிகள் வகுத்து, குழலில் முதற்பூச்சு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று விழுக்காட்டில் கணக்கிடுகிறார்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு துவக்குகளில் ஒன்று மற்றதைப் போலப் பல மடங்கு விலை பெறுவது இதனால்தான். பயன்பாட்டில் தேய்ந்தது கீழிறங்கும். ஆனால் தேய்ந்ததை மறைக்கப் பளபளப்பாக்கியது அதைவிடவும் கீழிறங்கும். உப்புத்தாள் துருவோடு நிற்பதில்லை. செய்தவரின் பெயர், பரிசோதனை முத்திரை, படைப்பிரிவின் எண் ஆகிய எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும். தேய்மானம் ஒரு சாட்சி. அதைத் துடைப்பவர் சாட்சியைக் கலைப்பவர்.

கிட்டார்களின் கதையும் இதேதான். பழைய மின்கிட்டார் ஒன்றுக்கு மறுவண்ணம் பூசினால் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது வணிகர்களின் பொதுக் கணிப்பு. அதேவேளை, உரிய கை பட்டிருந்தால் கணக்கு தலைகீழாகும். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலகரின் 1961 ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வண்ணம் பெரும்பகுதி உதிர்ந்து வெறும் மரமே தெரிந்தது. அது 2024 இல் இலண்டனில் 8 இலட்சம் பவுணுக்கும் மேல் விலைபோய், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கென்று வாங்கப்பட்டது. டேவிட் கில்மரின் கறுப்புக் கிட்டார் பிறப்பில் கறுப்பே அல்ல. அதன் மீது பின்னர் கறுப்பு பூசப்பட்டது. கழுத்துப் பகுதியும் பலமுறை மாற்றப்பட்டது. ஆயினும் 2019 இல் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் பெற்றது. இந்த மோகத்தைக் கண்ட ஃபெண்டர் நிறுவனம் 1995 முதல், புதுக் கிட்டார்களைத் தானே கீறித் தேய்த்துப் பழையனபோல் விற்கத் தொடங்கியது. பழைமைக்குப் புதுமையும் புதுமைக்குப் பழைமையும் பூசுகின்ற விசித்திர உலகம் இது!

துவக்குகளிலும் அப்படியே. 1881 இல் பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக்கொன்ற கைத்துப்பாக்கி 2021 இல் 60 இலட்சம் டொலருக்கும் மேல் விற்கப்பட்டது. அங்கே விலை பெற்றது இரும்பு அன்று, அதனோடு சேர்ந்து வந்த ஆதாரம். நிலை, ஆதாரம் என்ற இவ்விரண்டுமே விலையின் இரு தட்டுகள்.

இந்தத் தராசை ஊவாவுக்குக் கொண்டுவந்தால் என்ன நேரும்? அதுவே என்னை நெடுநாள் உறுத்திய கேள்வி.

இலங்கைக்குத் துவக்கு புதிதல்ல. துப்பாக்கி என்ற நம் சொல்லே துருக்கியிலிருந்து பாரசீகம் வழியே வந்தது. சிங்களத்தில் அது துவக்குவ, ஈழத்தமிழில் துவக்கு. போர்த்துக்கேயரிடம் கண்டதைக் கண்டி இராச்சியத்துக் கம்மாளர் விரைவில் தமதாக்கிக்கொண்டனர். பொறி இடப்புறம் அமைந்து, பிடியின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டு, தந்தமும் வெள்ளியும் இழைத்த சிங்களத் துவக்குகளை இன்றும் அருங்காட்சியகங்களிற் காணலாம். பி. ஈ. பி. தெரணியகல 1942 இல் சிங்கள ஆயுதங்களைப் பற்றித் தனி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாய அருகே ரந்தெனிவெலவில் 1630 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா வீழ்ந்தபோது, பெருமழையில் அவர் படையின் துவக்குகள் பயனற்றுப் போயின என்பர். போர்க்களத்திலே ஆயுதத்தின் 'நிலை' என்பது விலைப்பட்டியல் விடயமல்ல, உயிர்ப் பிரச்சினை.

1817 செப்டெம்பரில் வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி வெடித்தது. பதுளையிலிருந்து சென்ற பிரித்தானிய அதிகாரி டக்ளஸ் வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். துவக்குகளின் காலத்திலும் அந்தக் காட்டில் வில்லே முதலில் பேசியது. கிளர்ச்சியை அடக்க ஆளுநர் பிரவுண்றிக் அனுப்பிய ஊவா திசாவ கெப்பெட்டிபொல, கிளர்ச்சியாளருடனேயே சேர்ந்துகொண்டார். அப்போது, தம்மிடம் தரப்பட்ட துவக்குகளையும் மருந்தையும் அவர் பிரித்தானியருக்கே திருப்பி அனுப்பினார் என்பது ஊவா மக்கள் இன்றும் பெருமையுடன் சொல்லும் செய்தி. 1818 நவம்பர் 26 இல் கண்டி போகம்பரையில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோடு எடின்பரோவிலுள்ள மண்டையோட்டு ஆய்வுச் சங்கத்தின் காட்சிப்பொருளாகி, 1954 இல்தான் நாடு திரும்பியது. சேகரிப்பு என்ற சொல்லின் இருண்ட எல்லை எதுவென்று இதற்குமேல் விளக்க வேண்டுமா?

அடக்குமுறையின்போது ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிராமங்கள் எரிக்கப்பட்டன, தானியமும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. இலட்சம் வயல்கள் எனப் பெயர் பெற்ற மண் காடாயிற்று. எரிந்த வீட்டில் எந்தப் பொருள் 'மிகச் சிறப்பான நிலையில்' எஞ்சும்? எஞ்சியவை மண்ணில் புதைத்தவை, வைக்கோலில் ஒளித்தவை, தலைமுறைதோறும் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியவை. அவற்றில் துரு இருக்கும். கம்பி கட்டிய வெடிப்பு இருக்கும்.

மாறாக, குறையின்றி எஞ்சியது எது? 1765 இல் கண்டியைச் சூறையாடிய ஒல்லாந்தப் படை கொண்டுசென்ற லெவ்கே பீரங்கி. வெண்கலத்தின் மீது பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கற்களும் இழைத்த அந்தச் சடங்குப் பீரங்கி, அம்ஸ்ரர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பேணிக் காக்கப்பட்டது. அதன் வரலாற்றை ஆராய்ந்து அது கொள்ளைப்பொருளே என்று உறுதிசெய்த பின்னர், 2023 இல் நெதர்லாந்து அதைத் திருப்பித்தர முடிவு செய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் வாள்கள், கத்தி, இரண்டு துவக்குகள் ஆகியவற்றோடு சேர்த்து ஆறு பொருட்களாக அது கொழும்பு வந்தது.

ஆகவே 'நிலை' என்ற அளவுகோல் நடுநிலையானதல்ல. தோற்றவன் வீட்டில் தங்கிய பொருள் தேய்கிறது. வென்றவன் கொண்டுபோன பொருள் கண்ணாடிப் பேழைக்குள் மின்னுகிறது. நிலையை மட்டும் பார்த்து விலைபோடும் சந்தை, எடுத்துச் சென்றவனுக்கே பரிசளிக்கிறது. அந்தப் பீரங்கியைத் திருப்பித் தந்தது அதன் பளபளப்பு அல்ல. அது யாருடையது, எப்படிப் போயிற்று என்ற கேள்வியே.

நமது சட்டமும் இவ்விடத்தில் ஒரு கோடு கீறியது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்பதை 1815 மார்ச் 2 க்கு முற்பட்டது என வரையறுத்தது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்தக் கோட்டின்படி, அதற்கு மூன்றாண்டுகளின் பின் அவ்வொப்பந்தத்துக்கு எதிராகத் தூக்கிய துவக்கு தொல்பொருளாகாது!

மலையகத் தமிழருக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கிளர்ச்சி ஒடுங்கிச் சில பத்தாண்டுகளில் அதே ஊவா மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வந்தன. மொனராகலைப் பக்கம் இறப்பர் வந்தது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் பதுளை அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவரை நினைவுகூர்கிறது. அவருடைய துவக்கு ஒன்று ஆதாரத்துடன் கிடைக்குமானால் ஏல நிறுவனங்கள் போட்டியிடும். துரைமாரின் பங்களாத் துவக்குகளுக்குப் பெட்டியும் எண்ணும் பதிவேடும் உண்டு.

அந்தத் துரைமாரின் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன்மாருக்கு இருந்த பதிவு ஒரு தகரத் துண்டு. தோட்டத்தின் அடையாள எழுத்தும் எண்ணும் பொறித்து, கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு கடல் கடந்து வந்தது. கவ்வாத்துக் கத்தி, பால்வெட்டுக் கத்தி, தப்பு, கொழுந்துக் கூடை ஆகிய எதற்கும் விலைப்பட்டியல் கிடையாது. தேய்ந்துவிட்டது என்றே லயத்தின் பின்புறம் வீசினோம். பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தோம். இலட்சாதிபதிகள் கிட்டாரின் உதிர்ந்த வண்ணத்துக்குக் கோடி கொடுக்கும் உலகில், நாற்பது ஆண்டு கவ்வாத்து வெட்டி ஒரு பக்கம் குழிந்த கத்திப்பிடியை நாம் விறகாக்கினோம்.

உங்கள் வீட்டில் அப்படி ஏதேனும் எஞ்சியிருந்தால் அதைத் துலக்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். ஈரம் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். யார் பிடித்தது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அந்தத் தாளே அதன் பாதி மதிப்பு.

அன்றிரவு அந்த முதியவரிடம் நானும் இதையே சொன்னேன். அவர் சிரித்தார். "கன்னம் போனாலும் பெயர் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று தம் சீயாவின் பெயரைச் சொன்னார். எழுதி, அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.