ஒரு வரியின் வரலாறு: ருவாண்டாவில் காலனிய வகைப்பாடும் இனப்படுகொலையும்

1998 செப்டம்பர் 2 அன்று, தான்சானியாவின் அருஷா நகரில், ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் முன்னாள் உள்ளூராட்சித் தலைவர் ழான் போல் அகயேசுவின் வழக்கில் தீர்ப்பளித்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்காகச் சர்வதேச நீதிமன்றம் ஒன்று விசாரித்து வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு அது. நீதிபதிகள் முன் ஒரு சிக்கல் இருந்தது. பொது மொழியோ பண்பாடோ உடைய கூட்டத்தையே இனக்குழு என்கிறோம். ஆனால் கொன்ற ஹூட்டுகளும் கொல்லப்பட்ட துட்சிகளும் பேசியது ஒரே கின்யருவாண்டா மொழி. வாழ்ந்தது ஒரே குன்றுகளில். கடவுளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரும் ஒன்றே, இமானா. அப்படியென்றால் துட்சிகள் எவ்வகையில் தனி இனம்? தீர்ப்பாயம் சுட்டிய சான்றுகளுள் ஒன்று, ருவாண்டர்கள் சுமந்து திரிந்த அடையாள அட்டை. அதில் ‘உபுவோகோ’ என்ற வரியில், ஹூட்டு, துட்சி, துவா என்பவற்றுள் எது அவருடையது என்று குறிக்கப்பட்டிருந்தது.

அந்த வரி எப்படி வந்தது, யாரால் நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காலனி ஆட்சி இப்பெயர்களைப் படைக்கவில்லை. ஓரளவு நெகிழ்ந்து கொடுத்த தகுதிநிலையை மாறாத பிறவிக் குறியாக்கி, அதன்மேல் தன் நிர்வாகத்தைக் கட்டியது. விடுதலைக்குப் பின் வந்தவர்கள் அக்கட்டடத்தை இடிக்காமல், மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் இடம் மாற்றிக் குடியேறினார்கள். இரண்டும் சேர்ந்தே 1994 இனப்படுகொலைக்கு வழி திறந்தன என்பது என் வாதம்.

காலனிக்கு முன்

பழைய ருவாண்டா சமத்துவ பூமியாக இருந்ததில்லை. 1895-இல் இறந்த மன்னர் கிகேலி ருவாபுகிரியின் காலத்தில் ‘உபுரேத்வா’ என்னும் கட்டாய உழைப்பு ஹூட்டுகள் மீது சுமத்தப்பட்டது. கால்நடைச் செல்வமும் அரண்மனைச் செல்வாக்கும் உடையோர் துட்சி எனவும், மண்ணைக் கிளறி வாழ்ந்தோர் ஹூட்டு எனவும் பிரிவு இறுகிவந்தது. ஆயினும் மாடுகளும் மரியாதையும் சேர்த்த ஹூட்டு ஒருவர் தம் ஹூட்டுத்தன்மையைக் களைந்து மேலேறுவதற்கு ‘குவிஹுதுரா’ என்றொரு சொல்லே இருந்தது. அப்படி ஏறியவர்கள் சிலரே. எனினும் வாசல் மூடப்படவில்லை. ‘உபுவோகோ’ என்ற சொல்லும் அன்று குலத்தையே குறித்தது. ஒரே குலத்தில் ஹூட்டுகளும் துட்சிகளும் இருந்தார்கள்.

கதை, நிர்வாகம், அட்டை

முதலில் வந்தது கதை. நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்ற ஜான் ஹானிங் ஸ்பீக், பேரேரிப் பகுதி அரச குலங்கள் எத்தியோப்பியாவிலிருந்து வந்த மேலான இனத்தின் வழித்தோன்றல்கள் என்று 1863-இல் எழுதினார். அவர் ருவாண்டாவுக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் ஜெர்மானியர்களும், 1916-இல் நாட்டைக் கைப்பற்றிய பெல்ஜியர்களும், கத்தோலிக்க மறைப்பணியாளர்களும் இதை அறிவியலாகவே ஏற்றார்கள். துட்சிகள் ஆளப் பிறந்த வந்தேறிகள், ஹூட்டுகள் உழைக்கப் பிறந்த மண்ணின் மக்கள் என்றானது.

அடுத்தது நிர்வாகம். பல பகுதிகளில் நிலத்துக்கு ஒருவர், மேய்ச்சலுக்கு ஒருவர், படைக்கு ஒருவர் என மூன்று தலைவர்கள் இருந்தார்கள். நிலத்தலைவர் பெரும்பாலும் ஹூட்டு. ஒரு தலைவர் நெருக்கினால் உழவர் இன்னொருவரிடம் போய் நிற்கலாம். 1926 முதல் பெல்ஜியர்கள் இம்மூன்று பதவிகளையும் ஒன்றாக்கி, அதைத் துட்சிகளிடம் கொடுத்தார்கள். ஹூட்டுத் தலைவர்கள் நீக்கப்பட்டனர். துட்சித் தலைவர்களை அகற்றுவது பெரும் பிழை என்று ஆயர் லியோன் கிளாஸ் 1930-இல் எச்சரித்தார். காலனி ஆட்சியின் இறுதியில் 45 தலைவர்களுள் 43 பேரும், 559 துணைத்தலைவர்களுள் 549 பேரும் துட்சிகள்.

இதன் விளைவு எண்ணிக்கையைவிட ஆழமானது. சாலை வெட்டவும் காப்பி நடவும் ஆள் கேட்டது பெல்ஜிய அரசு. கேட்ட ஆளைத் தராத தலைவர் பதவி இழந்தார். உழவனின் முதுகில் விழுந்த அடிக்கு ஆணையிட்டது பிரஸ்ஸல்ஸ். அவன் கண்ணில் பட்டதோ அடிக்க வந்த துட்சித் தலைவரின் முகம். பெரும்பாலான துட்சிகள் பதவி எதுவுமில்லாத ஏழைகள் என்பது அந்த முகத்தின் பின்னால் மறைந்துபோனது.

மூன்றாவது அட்டை. 1933-34 கணக்கெடுப்புக்குப் பின் ஒவ்வொருவருக்கும் ஓர் இனம் எழுதப்பட்டது. தந்தையின் இனமே பிள்ளைக்கும். குவிஹுதுராவின் வாசல் மூடியது. குலத்தைச் சுட்டிய சொல் இனத்தைச் சுட்டலாயிற்று.

இடம் மாறிய தளங்கள்

1950-களில் துட்சி மேட்டுக்குடி விடுதலை கேட்கத் தொடங்கியதும் பெல்ஜியம் ஹூட்டுகள் பக்கம் சாய்ந்தது. 1957-இல் ஹூட்டு அறிவாளர்கள் வெளியிட்ட ‘பஹூட்டு அறிக்கை’ சமூக நீதி கேட்டது. அநீதி மெய்யானதால் அக்கோரிக்கையும் நியாயமானது. ஆனால் அதே அறிக்கை அட்டையில் உள்ள இனக்குறிப்பை நீக்கக் கூடாது என்றது. 1959 நவம்பர் வன்முறைக்குப் பின் பெல்ஜியக் கர்னல் கி லோஜியே துட்சித் தலைவர்களை அகற்றி ஹூட்டுகளை அமர்த்தினார். 1962 ஜூலை 1-இல் விடுதலை வந்தது. ஆள்வோர் மாறினர், வகைப்பாடு அப்படியே நின்றது. முன்பு ஆளும் தகுதியாயிருந்த ‘வந்தேறி’ப் பட்டம் இப்போது வெளியேற்றும் காரணமாயிற்று.

1992 நவம்பரில் கபாயாவில் பேசிய ஹூட்டு அரசியல்வாதி லியோன் முகேசெரா, துட்சிகளை நியாபரோங்கோ ஆற்றின் வழியே எத்தியோப்பியாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். ஸ்பீக்கின் ஊகம் 129 ஆண்டுகளுக்குப் பின் கொலை மிரட்டலாகத் திரும்பியது. 1994-இல் நியாபரோங்கோவில் வீசப்பட்ட உடல்கள் ககேரா ஆற்றின் வழியாக விக்டோரியா ஏரியில் ஒதுங்கின.

பொறுப்பைப் பகிர்தல்

காலனியத்தைக் காரணம் காட்டுவது கொலையாளிகளை விடுவிப்பதாகாதா? ஆகாது. 1990-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அதிகாரத்தை இழக்க அஞ்சிய ஒரு கும்பல், வானொலியையும் படையையும் உள்ளூராட்சியையும் திரட்டிச் செய்த தேர்வு இப்படுகொலை. சுமார் 100 நாளில் 8 லட்சம் பேரேனும் மாண்டனர் என்பது ஐ.நா. மதிப்பீடு, ருவாண்டா அரசின் கணக்கு 10 லட்சத்தைத் தாண்டுகிறது. கொலைக்கு இணங்காத ஹூட்டுகளும் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பிரதமர் அகாதே உவிலிங்கியிமானா ஏப்ரல் 7 அன்றே கொல்லப்பட்டார். மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பதே, அது விதியல்ல என்பதற்குச் சான்று. ஆனால் சாலைத் தடுப்பில் நின்றவன் அண்டை வீட்டாரல்லாத ஒருவரை எப்படி இனங்கண்டான்? அட்டையை நீட்டச் சொன்னான். அக்கேள்வியைக் கேட்கும் வழியைக் காலனி ஆட்சி வகுத்துத் தந்தது. கேட்டுவிட்டுக் கத்தியை ஓங்கிய குற்றம் ஓங்கியவனுடையது.

உள்நாட்டுப் போரை முடிக்க 1993 ஆகஸ்டில் கையெழுத்தான அமைதி உடன்படிக்கை, அரசு ஆவணங்களிலிருந்து இனக்குறிப்பை நீக்க வேண்டும் என்றது. அது நிறைவேறவில்லை. உடன்படிக்கை கையெழுத்தான ஊர் அருஷா. அழிக்க ஒப்புக்கொண்டு அழிக்காமல் விட்ட அந்த வரி, ஐந்தாண்டு கழித்து அதே ஊரில், இறந்தவர்கள் யார் என்று நிறுவும் சான்றாக வாசிக்கப்பட்டது.