கணக்கு யார் கையில்? ஊவாத் தோட்டங்களில் கடைசிச் சம்பளத்தின் கதை

வேலையை விட்டு நின்றவருக்குக் கடைசி மாசச் சம்பளம் முழுசாக வந்த கதை நம்ம பக்கம் குறைவு. பசறையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் உயர்தரம் முடித்து, கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஓ.டி. நேரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, முற்பணம் என்று ஒரு வெட்டு, உடைந்த சாமான் என்று ஒரு வெட்டு, சொல்லாமல் நின்றதற்கு இன்னொரு வெட்டு. கடைசியில் நாம்தான் முதலாளிக்குக் கடன்காரர் போல வெளியே வருகிறோம். இது கொழும்பில் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. ஊவா மலையில் இதற்கு 150 வருசத்துக்கும் மேலான பழக்கம் இருக்கிறது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். அப்போது சம்பளம் மாசாமாசம் கைக்கு வரவில்லை. கோப்பி விற்றுக் காசு வரும்வரை துரைமார் சம்பளத்தைத் தள்ளிப் போட்டார்கள். அதுவரை தொழிலாளிக்கு அரிசி கடனாகக் கிடைத்தது, கம்பளி கடனாகக் கிடைத்தது. சம்பளப் பாக்கி உள்ளே கிடந்தால் ஆள் ஓடமாட்டான் என்ற நினைப்பும் இதற்குள் இருந்தது. ஓடினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காத்திருந்தது. முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது அந்தச் சட்டப்படி குற்றம், சிறைக்கும் அனுப்பலாம். சம்பளம் கொடுக்காத துரைமீது தொழிலாளி வழக்குப் போடலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நீதிமன்றம் வரை நடந்துபோய்ச் சாட்சி சொல்ல எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கைக் கோப்பியையே முடித்து வைத்த இலைநோய், முதலில் பதிவானது நம்ம பதுளை மாவட்டத்தில்தான். 1880களில் தோட்டங்கள் வரிசையாக விழுந்தன. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் மூடப்பட்டது. வரலாற்றுப் புத்தகங்களில் இந்த இடத்தில் துரைமாரின் நட்டம் பக்கம் பக்கமாக வரும். தோட்டம் கைமாறியபோது, அதுவரை வேலை செய்தவர்களின் மாசக் கணக்கான பாக்கிச் சம்பளம் என்ன ஆனது என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. பழைய துரை போய்விட்டார். புதிய துரை ‘அது என் கடன் இல்லை’ என்றார். ஈட்டுக்குக் காசு கொடுத்தவர் நிலமே தனக்கு என்றார்.

இந்தக் குழப்பத்துக்குள்தான் 1884ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பிறகு 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. அவற்றில் இருந்த ஒரு ஏற்பாட்டை நாம் மறக்கக்கூடாது. ஒரு வரம்புக்குள், தொழிலாளியின் பாக்கிச் சம்பளம் தோட்டத்தின்மேல் முதல் பொறுப்பு ஆனது. அதாவது கடன் துரையோடு கப்பல் ஏறிப் போகாது, நிலத்தோடு தங்கும். மற்றக் கடன்காரர்கள் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரு மாசத்துச் சம்பளத்தை அந்த மாசம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் 1889ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 60 நாள் என்பதே அன்றைக்கு முன்னேற்றம் என்றால், அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்!

சட்டம் இப்படிச் சொன்னாலும் கணக்கு வேறு மாதிரி ஓடியது. செக்ரோல் துரையின் ஆபிசில் இருந்தது. கடன் கணக்கு பெரிய கங்காணியிடம் இருந்தது. ஒருவர் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், தொழிலாளி அங்கே அதே கடனோடு பெரட்டுக்களத்தில் போய் நிற்பார். வருசக்கணக்கில் உழைத்தவர் கடைசி நாளில் கூலி வாங்குபவராக வெளியே வரவில்லை, கடன்காரராகக் கைமாறினார். இந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம்தான் ஒழித்தது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. பின்னர் 1941இல் சம்பளச் சபைகள் சட்டம் வந்தது. சட்டங்கள் வரவர, தோட்டத்து மொழியில் வெட்டுக்கும் புதுப்புதுப் பெயர் வந்தது. குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. நாள் முழுக்க மலையில் நின்றவரின் பெயர் செக்ரோலில் பாதியாகிவிடும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோதும், எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டு அரைப்பேர் போடுகிறார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களிலிருந்து எழுந்தது. கூலியின் தொகை சட்டத்தில் ஏறும், கணக்கெழுதும் பேனா இருந்த கையிலேயே இருக்கும்.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்க வேண்டிய காசுக்கு இன்று பலமான சட்டங்கள் உண்டு. சேமலாப நிதிக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் 5 வருசம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருசத்துக்கு 14 நாள் கூலி வீதம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணம். ஆனாலும் அரசுக்குச் சொந்தமான ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் ஓய்வுபெற்றவர்கள் இந்தக் காசுக்காக வருசக்கணக்கில் அலைந்தது ஊரறிந்த விசயம். சட்டம் போட்ட அரசாங்கமே பாக்கிக்காரர்.

அப்படியானால் சட்டத்தால் பயனில்லையா? அப்படிச் சொல்லமாட்டேன். கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கச் சொல்கிறது. முறைப்பாட்டைத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கொடுக்கலாம், அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. விசாரணையில் பாக்கி என்று முடிவானால், முதலாளி கொடுக்காதபோது நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடவும் வழி உண்டு. ஆனால் அங்கே போனதும் கேட்கப்போவது பழைய கேள்விதான்: எத்தனை நாள், எத்தனை மணி, எங்கே எழுதியிருக்கிறது?

அந்தக் கேள்விக்கு நம்ம பாட்டன்மாரிடம் பதில் இல்லை, எழுத்து அவர்களிடம் இல்லாததால். நம்மிடம் கையில் போன் இருக்கிறது. வேலைக்கு ஏறின நேரம், இறங்கின நேரம், வாங்கின முற்பணம் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். சம்பளச் சிட்டையைப் படம் எடுத்து வையுங்கள். மாசம் முடியும்போது முதலாளி ஒரு கணக்கை நீட்டினால், நீட்டுவதற்கு நம்மிடமும் ஒன்று இருக்கட்டும். அப்படியே வீட்டில் அப்பாயியின் றங்குப்பெட்டிக்குள் பழைய சம்பளச் சிட்டையோ பற்றுச்சீட்டோ கிடந்தால் குப்பையோடு எரித்துவிடாதீர்கள். யாருக்கு யார் கடன் என்பதற்கு நம்ம பக்கத்துச் சாட்சி அதுதான்.